போற வழிதானே!

மனிதர்களில் 'போற வழிக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. அந்த இனத்தைப் பற்றி இதுவரை யாரும் முறையாக எழுதியதாகத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தவர்களை அவரே வந்து, "வா, அஞ்சு நிமிஷம், ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளப்பிக்கொண்டு போயிருப்பார் என்பது என் ஊகம். போனவர்கள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

பார்வைக்கு அவர் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். வீட்டில் இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. அவர் வீட்டில் இருப்பதே இல்லை என்பது வேறு விஷயம். அவரை அடையாளம் காண ஒரே வழி, ஒரு காரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோவதுதான். கொஞ்ச தூரம் சாதுவாக வருவார். பாட்டு கேட்பார், தலையாட்டுவார், வெயிலைப் பற்றி ஒரு கருத்துச் சொல்வார். பிறகு திடீரென்று பேச்சு நிற்கும். ஜன்னல் கண்ணாடி இறங்கும். மூக்கு வெளியே நீளும். கண் இடுங்கும். "டேய், இது அந்த ஊருல்ல?" என்பார். எந்த ஊர் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் போச்சு.

"இங்க நமக்கு ஒருத்தர் இருக்காருடா!"

கவனித்தீர்களா? 'எனக்கு' இல்லை, 'நமக்கு'. அந்த ஒருத்தரை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது கிடையாது. அவர் இருக்கிறார் என்பதே இந்த நிமிஷம்தான் தெரியும். ஆனாலும் அவர் உங்களுடையவர் ஆகிவிட்டார். இனி அவரைப் பார்க்காமல் போனால் குற்றம் உங்கள் மேல்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காம போனா என்ன நினைப்பாரு?" என்று கேட்பார். நீங்கள் வந்ததே அந்த மனிதருக்குத் தெரியாதே, எப்படி நினைப்பார்? இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் போற வழிக்காரரிடம் எடுபடாது. "அஞ்சே நிமிஷம். போற வழிதானே!"

நமக்கெல்லாம் வரைபடம் என்றால் ஆறு, மலை, நெடுஞ்சாலை. அவருக்கு அதெல்லாம் கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், அவருக்கு வடக்கே பழைய மேலதிகாரி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் மச்சினியின் கூடப் படித்தவள், நடுவில் கொஞ்சம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் நாம் 'சாலை' என்கிறோம்.

வாசலில் அவர் நடத்தும் சடங்கு இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். "உள்ளயெல்லாம் வரல, நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். "உட்காரல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுப்பார். "டீயெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று அவர் சொல்கிற தொனியில், அடுப்பு தானாகவே பற்றிக்கொள்ளும். கிளம்பும்போது வாசல்படியில் ஒருமுறை விடைபெறுவார், கேட்டருகே ஒருமுறை, காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி இன்னொருமுறை. அந்த மூன்றாவது விடைபெறலில்தான் முக்கியமான விஷயங்கள் எல்லாம் பேசப்படும்.

எனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் ஒருவருடன் கடல் பார்க்கப் போனேன்.

நாங்கள் நான்கு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவன் பல் டாக்டர்; காரும் அவனுடையது, திட்டமும் அவனுடையது. இருவர் வாயைப் பார்ப்பதற்கு நடுவில் கையைக் கழுவிக் கழுவி, உலகத்தையே கழுவி வைக்க வேண்டும் என்று நினைக்கிறவன். காரில் சாப்பிடக் கூடாது, சாய்ந்து தூங்கக் கூடாது, சத்தமாகச் சிரித்தால் கண்ணாடியில் எச்சில் படும் என்பான். இன்னொருவன் கணக்கு வாத்தியார். பேச்சு குறைவு; கோபம் வந்தால் அதுவும் கிடையாது. மூன்றாவது நான், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நான்காவது நம் கதாநாயகன். லிஃப்ட் மெக்கானிக்.

அந்தத் தொழிலின் மகிமையை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாதி மாடியில் சிக்கிக்கொண்டு, வியர்த்துப்போய், பிழைப்போமா மாட்டோமா என்று நிற்கிற மனிதன், கதவு பிளந்து முதலில் பார்க்கிற முகம் அவனுடையது. அந்த முகத்தை யாரால் மறக்க முடியும்? இப்படி ஊர் ஊராக மாற்றலாகி, ஊர் ஊராக ஆட்களை வெளியே இழுத்துப் போட்டு, நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் நன்றியுள்ளவர்களை நட்டு வைத்திருந்தான் மெக்கானிக். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ரயிலில் போயிருப்போம்.

பல் டாக்டரின் திட்டம் எளிமையானது. விடியும்போது கிளம்புவது, எங்கும் நிற்காமல் போவது, கடலோரத்தில் எடுத்திருந்த சின்ன வீட்டில் மதியச் சாப்பாடு. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. "எங்கயும் நிக்க மாட்டோம், சரியா?" என்று எங்கள் மூவரையும் தனித்தனியாகக் கேட்டான். மூவரும் சரி என்றோம். மெக்கானிக் சொன்ன 'சரி'தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

ஊரின் கடைசி வீடுகள் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஜன்னல் இறங்கியது.

"டேய், மரம் அறுக்கிற வாசம் வருதுல்ல? இங்க நம்ம அத்தை பையனோட மச்சான் மில்லு வச்சிருக்காருடா."

"நோ" என்றான் பல் டாக்டர்.

"போற வழிதானே! இறங்கக்கூட வேணாம். ஹாரன் அடிச்சா வெளிய வந்து கை காட்டுவாரு, நாமளும் கை காட்டிட்டுப் போயிடலாம்."

ஹாரன் அடித்தோம். மரம் அறுக்கிற மில்லில் ஹாரன் யார் காதில் விழும்? இறங்க வேண்டியதாயிற்று. உள்ளே இரண்டு ரம்பங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மில்காரர் ஓடிவந்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். மெக்கானிக் எங்களை அறிமுகப்படுத்தினான். அதாவது, கத்தினான்.

"இவன் பல் டாக்டரு!"

"என்னது? கல் டாக்டரா?"

"பல்லு! பல்லு!" என்று தன் பற்களைக் காட்டினான். அவன் சிரிக்கிறான் என்று நினைத்து மில்காரரும் சிரித்தார். அவர் பற்களைப் பார்த்த பல் டாக்டரின் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்து யாரோ ரம்பத்தை நிறுத்தினார்கள். திடீரென்று விழுந்த அமைதியில் மெக்கானிக்கின் கடைசிக் கத்தல் மட்டும் கூரையில் மோதித் திரும்பியது: "பல் டாக்டரு!"

அவ்வளவுதான். மில்லில் வேலை செய்த அத்தனை பேரும் வந்து வரிசையில் நின்று வாயைத் திறந்துவிட்டார்கள்.

பல் டாக்டர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க மாட்டேன். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. "சரி, ஒருத்தருக்கு மட்டும்" என்று ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். "டேய், இங்க வாங்கடா!" என்று கூவினான். "கடவாப் பல்லு ரெண்டு ஒண்ணா ஒட்டி முளைச்சிருக்குடா! இந்த மாதிரி நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்!" நாங்கள் மூவரும் குனிந்து முறைவைத்து அந்தப் பல்லைப் பார்த்தோம். பல்லின் சொந்தக்காரர், தனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப் போனார்.

மறுபடி காரில் ஏறியபோது எங்கள் தலை, தோள், காது எல்லாம் மரத்தூள். கழுவித் துடைத்த காருக்குள் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை வந்து உட்கார்ந்திருந்தது. பல் டாக்டர் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் இன்னும் அந்தப் பல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஊரில் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா இருக்கிறார் என்றான் மெக்கானிக். "பெரிய மனுஷிடா. நாலாவது மாடிக்குக் கீழ மாட்டிக்கிட்டாங்க. நான்தான் எடுத்தேன். அப்பவே சொன்னாங்க, எப்ப வேணா வீட்டுக்கு வான்னு."

அவன் காட்டிய வீட்டின் மணியை அடித்தோம். பாதி முகம் சவரம் செய்து, மீதி முகத்தில் நுரையோடு ஒருவர் வந்து திறந்தார். நீதிபதி அம்மா அந்த வீட்டை விற்றுவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறதாம்.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்புவோம். போற வழிக்காரர் அப்படிச் செய்வாரா?

"பரவாயில்ல சார்" என்று அவரை மன்னித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான் மெக்கானிக். "நீங்க இருக்கீங்கல்ல. உங்களுக்கு எந்த ஊரு?"

கொஞ்ச நேரத்தில், அந்த மனிதரின் அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டுக்குக் கயிறு மாற்றியவன் தான்தான் என்று நிரூபித்துவிட்டான். அதற்குள் டீ வந்துவிட்டது. அந்த மனிதரின் கன்னத்தில் நுரை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது, அவர் கவலைப்படவில்லை. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லையாம், "நல்லா இருக்காரா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்டபோது மெக்கானிக் அண்ணனுக்கே போன் போட்டு அவர் காதில் வைத்துவிட்டான். நாங்கள் சத்தம் போடாமல் வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டும்போது உள்ளே இருந்து, "இல்லண்ணே, பாதி ஷேவிங்ல இருக்கேன்" என்ற குரல் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

நீதிபதி அம்மா இருப்பது இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடியில் என்று அந்த வீட்டிலேயே சொன்னார்கள். போனோம். அடுக்குமாடி லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுக்குத் தொண்டை சரியில்ல" என்றான். அந்த அம்மா கதவைத் திறந்து எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நான்கு பேர் தலையிலும் மரத்தூள்.

"யாருப்பா நீங்க? எனக்கு மர வேலை ஒண்ணும் இல்லையே?"

"அம்மா, லிஃப்டு... நான்தான்... கதவைத் திறந்தேனே..."

அவர் நெற்றி சுருங்கி, விரிந்தது. "பாட்டுப் பாடினவனா?"

எங்களுக்கே தெரியாத செய்தி. உள்ளே அவர் பயப்படாமல் இருக்க, கதவு இடுக்கில் வாயை வைத்து மெக்கானிக் பாடிக்கொண்டே வேலை பார்த்தானாம். நாங்கள் அவனைப் பார்த்தோம். அவன் காது சிவந்து நின்றான்.

"நல்ல இடத்துல பாதியில நிறுத்திட்டுக் கதவைத் திறந்துட்ட" என்றார் நீதிபதி அம்மா கண்டிப்பாக. "எத்தனை வருஷமா அந்த மீதி என்னன்னு தெரியாம இருக்கேன். உள்ள வா. பாடு."

பாடினான். அவன் குரலைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: லிஃப்டின் தொண்டையே தேவலாம். ஆனால் அந்த அம்மா கண்ணை மூடி, கடைசி வரி வரைக்கும் கேட்டு, "ம், இப்ப முடிஞ்சது" என்று எழுந்தார். "எங்க போறீங்க எல்லாரும்?"

"கடலுக்கும்மா."

"இருங்க, செருப்பை மாத்திக்கிட்டு வரேன். நானும் வரேன்."

நாங்கள் அழைக்கவே இல்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். முன்சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். பின்சீட்டில் மூன்று பேர் ஒருவர் மடியில் ஒருவர் கையை வைத்துக்கொண்டு போனோம். கொண்டுவந்த பிஸ்கட்டை எடுத்து அவர் சாப்பிட ஆரம்பித்தபோது, காரில் சாப்பிடக் கூடாது என்று பல் டாக்டர் சொல்வான் என எதிர்பார்த்தோம். அவன், "எனக்கு ஒண்ணு குடுங்கம்மா" என்றான்.

மதியம் தாண்டிவிட்டது. ஒரு சின்ன ஊரின் கடைத்தெரு வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கின் மூக்கையே பார்த்தோம். அவன் வெளியே பார்த்தான், முகர்ந்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதுடா."

கார் முழுக்கக் கைதட்டல். பல் டாக்டர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான். நீதிபதி அம்மாகூடத் தட்டினார், எதற்கென்று தெரியாமல். அந்த உற்சாகத்தில் முச்சந்தியில் நின்றபோதுதான், பின்னால் இருந்து எங்கள் காரை ஏதோ ஒன்று 'டொக்' என்று தொட்டது.

பெரிய அடி இல்லை. ஆனாலும் பல் டாக்டர் தன் பல்லே விழுந்துவிட்ட மாதிரி பாய்ந்து இறங்கினான். பின்னால் ஒரு பழைய கார். முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்து. உள்ளே ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த ஓர் அம்மாள். அந்த ஊரில் தையல் கடை வைத்திருப்பவராம். "பிரேக்குன்னு நினைச்சு அதைத்தான் மிதிச்சேன் சார், அது இது இல்ல போல இருக்கு" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்து கற்றுக்கொடுக்கிறவர் இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம்.

"ஒட்டகம்!" என்று அலறினான் மெக்கானிக்.

எங்கள் பெஞ்சில் ஐந்தாவது ஆள் அவன். பள்ளிக்கூடத்திலேயே சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரே பையன். நாங்கள் பிடித்துத் தள்ளிவிட்டு, அவன் கால்வாய்க்குள் போன கதைகள் நிறைய உண்டு. அவன் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான்! பல் டாக்டர் காரின் காயத்தை மறந்துவிட்டு அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான்; அதற்கு மேல் எட்டவில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் சந்தோஷத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. "இந்த ஊர்ல நீ இருக்கிறது எனக்குத் தெரியாம இருந்திருக்குடா! எனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கணக்கு வாத்தியார் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. பின்சீட்டின் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டான்.

காரணம் எங்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அவன் அப்பா இறந்தபோது, நாங்கள் எல்லாரும் போனோம். ஒட்டகம் வரவில்லை. போன்கூட இல்லை. வாத்தியார் அப்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "அவன் பேரை இனிமே என் முன்னாடி எடுக்காதீங்க." நாங்கள் எடுக்கவில்லை. ஒட்டகமும் ஊர் மாறி, போன் எண் மாறி, எங்கள் கையைவிட்டு நழுவிப் போய்விட்டான்.

ஏறிய கண்ணாடியை ஒட்டகம் பார்த்தான். அவன் நீண்ட கழுத்து கொஞ்சம் குனிந்தது. "நீங்க கிளம்புங்கடா, நேரமாகுது" என்றான்.

"உன் ஸ்கூல் எங்கடா இருக்கு?" என்று கேட்டான் பல் டாக்டர்.

"அது பின்னாடி. நீங்க வந்த பக்கமே திரும்பி, பாலத்தைத் தாண்டி உள்ள போகணும். உங்களுக்கு நேர் எதிர்த் திசை."

பல் டாக்டர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். திட்டம் போட்டவன். எங்கும் நிற்க மாட்டோம் என்று தனித்தனியாகச் சத்தியம் வாங்கியவன்.

"அட, போற வழிதானேடா!" என்றான்.

டிரைவிங் ஸ்கூல் ஓர் ஒற்றை அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள்: திரும்பாதே, நிற்காதே, முந்தாதே. ஒரு மேசையில் நிஜக் கார் ஒன்றின் ஸ்டீயரிங்கைப் பொருத்தி, முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் அதில்தான் கை பழகுவார்களாம். வாத்தியாரை நாங்கள் காரிலிருந்து கிட்டத்தட்ட உரித்து எடுத்துக் கொண்டுவந்திருந்தோம். அவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிராத ஒரே இடம் அதுதான் என்று அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். தையல்கடை அம்மாள் கூடவே வந்து ஓரமாக நின்றார். "என் கிளாஸ் இன்னும் முடியல சார்" என்றார்.

நீதிபதி அம்மா ஒட்டகத்தின் நாற்காலியில் அமர்ந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னென்ன பார்த்திருக்கும் அந்தக் கண்!

"இங்க யாரு வாதி?"

வாத்தியார், தன் வகுப்பில் பையன்கள் செய்கிற மாதிரி, சுவரைப் பார்த்தபடியே கையைத் தூக்கினான்.

"சுருக்கமா சொல்லு. பொறுமையெல்லாம் கோர்ட்டோட விட்டுட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷமாக அவன் மனதுக்குள் என்னென்ன பேசி வைத்திருந்தானோ! வெளியே வந்தது இவ்வளவுதான்: "எங்க அப்பா போனப்ப இவன் வரலைம்மா."

"நீ என்ன சொல்ற?"

"வந்தேன்மா" என்றான் ஒட்டகம்.

"பொய்!" ஸ்டீயரிங் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது.

"தெரு முனை வரைக்கும் வந்தேன்டா. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த. நீலச் சட்டை. பட்டனை ஒண்ணு மாத்திப் போட்டிருந்த."

வாத்தியாரின் கை நின்றது. "அவ்வளவு தூரம் வந்தவன் ஏன்டா உள்ள வரல?"

"எங்க அப்பா போய் அப்ப ஒரு மாசம்கூட ஆகலடா."

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லலையேடா!" என்றான் மெக்கானிக்.

"சொன்னா எல்லாரும் வந்திருப்பீங்க. வந்தா அழணும். ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு பயம். உன் தெரு முனையில நின்னப்ப கால் நகரல. திரும்பிட்டேன். அடுத்த நாள் போன் பண்ணலாம்னு நினைச்சேன். ஒரு வாரம் போச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பண்ணினா என்னன்னு சொல்றது? அப்புறம் ஒரு மாசம். நாள் ஆக ஆக அந்தப் போன் கனமாகிட்டே போச்சுடா."

வாத்தியார் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினான். "உங்க அப்பாவாடா? மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தா எனக்கும் சேர்த்துல்ல தலை துவட்டி விடுவாரு... அவரு போனதுக்கு நான் வரலையேடா!"

"உனக்குத்தான் தெரியாதே."

"தெரியாதுதான். ஆனா வரலைல்ல? நீ எங்க அப்பாவுக்கு வரல, நான் உங்க அப்பாவுக்கு வரல." கணக்கு வாத்தியார் இல்லையா, இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்து, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதைக் கண்டுவிட்டான். வேறு வழியில்லாமல் நெற்றியை ஸ்டீயரிங்கின் மேல் சாய்த்தான்.

'பாஆஆஆம்!'

மேசை ஸ்டீயரிங்கில் நிஜ ஹாரன் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தையல்கடை அம்மாள் ஒரு முழம் துள்ளினார். நீதிபதி அம்மா மேசையைத் தட்டி, "ஆர்டர்! ஆர்டர்!" என்றார், பழக்க தோஷம். வாத்தியார் அழுதுகொண்டே சிரித்தான். சிரிக்கச் சிரிக்க நெற்றி ஹாரனை அழுத்தியது. அது அலற அலற நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். ஒட்டகம் குனிந்து, கழுத்தை மடக்கி, அவனை ஹாரனிலிருந்து தூக்கித் தன் சட்டையில் புதைத்துக்கொண்டான். அப்புறம் ரொம்ப நேரம் ஹாரன் சத்தம் இல்லை.

"தீர்ப்பைக் கடற்கரையில சொல்றேன்" என்று எழுந்தார் நீதிபதி அம்மா. "நடங்க."

"என் கிளாஸ்?" என்றார் தையல்கடை அம்மாள்.

"கடல் வரைக்கும் ஓட்டுங்க. அதுதான் கிளாஸ்" என்றான் ஒட்டகம்.

இப்படியாக, எங்கும் நிற்காமல் போகத் திட்டமிட்டிருந்த எங்கள் பயணம் இரண்டு கார்களாகப் புறப்பட்டது. முன்னால் 'எல்' எழுத்துக் கார், நடைபயிற்சி போகிறவர்கள் எங்களை முந்திச் செல்லும் வேகத்தில். தையல்கடை அம்மாள் ஒவ்வொரு மாட்டுக்கும் நின்று, அது கடந்துபோய், கண்ணுக்கு மறைந்தபின்தான் கிளம்பினார். ஒரு கிலோமீட்டர் ஒழுங்காக ஓட்டியபோது ஜன்னல் வழியே கையை நீட்டி எங்களுக்கு ஆட்டினார். உடனே ஒட்டகத்தின் நீண்ட கை பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பது தெரிந்தது. அதே காரின் பின்சீட்டில் வாத்தியார் விடாமல் பேசிக்கொண்டே போனான். அவன் அவ்வளவு பேசி நாங்கள் பார்த்ததே இல்லை. எங்கள் காரில் மெக்கானிக் மறுபடி பாடினான். இந்த முறை பல் டாக்டரும் சேர்ந்து பாடினான்.

கடலைப் பார்த்தபோது சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. மதியச் சாப்பாட்டைச் சமைத்துவைத்த அம்மா, "நாலு பேருன்னுதானே சொன்னீங்க?" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். அதற்கு நேரே பதில் சொல்லாமல், அவருக்கு எந்த ஊர் என்று மெக்கானிக் விசாரித்தான். பிறகு அவரே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

நீதிபதி அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அலை வந்து கணுக்காலை நனைக்க, தீர்ப்பு வழங்கினார். இரண்டு பேரும் குற்றவாளிகள். வாத்தியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒட்டகம் அவனுக்கு வாராவாரம் கற்றுக்கொடுக்க வேண்டும். "எப்ப வரைக்கும்மா?" என்றான் ஒட்டகம். "இவன் நல்லா ஓட்டுற வரைக்கும்." வாத்தியார் உடனே எழுந்து, "எனக்கு எதுவும் சீக்கிரம் வராதும்மா" என்றான். பொய். வகுப்பில் எப்போதும் முதல் அவன்தான்.

எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில், வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில், ஒரு கப்பல் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் பேச்சை நிறுத்தினான். அவன் கண் இடுங்கியது.

"டேய், அந்தக் கப்பல்ல நமக்கு ஒருத்தர் இருக்காருடா."

பல் டாக்டர் பக்கத்தில் படகு ஏதாவது கிடைக்குமா என்று திரும்பிப் பார்த்தான்.

அந்த அளவுக்குத் தொற்றக்கூடிய வியாதி இது. ஆகவே சிரித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'பல் டாக்டர்' என்று நான் எழுதிய இடத்தில், 'எந்தப் பல் டாக்டர், நம்ம சித்திக்குப் பல் கட்டினவரா?' என்று ஒரு நொடி தோன்றியதா? டிரைவிங் ஸ்கூல் என்றதும், 'உயரமான ஆளா? மச்சான் அங்கதானே கத்துக்கிட்டான்?' என்று மனம் கிளம்பியதா? படித்துக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்திவிட்டு, ரொம்ப நாளாகப் பேசாத யாருக்காவது போன் போட்டுவிட்டு வந்தீர்களா? அதனால்தான் படித்து முடிக்க இவ்வளவு நேரமா?

அப்படியானால் உங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தயவுசெய்து என் கண்ணாடிக் கடைக்கு வர வேண்டாம். நான் வேலையாக இருப்பேன். வந்தே தீருவேன் என்றால் வாசலோடு சரி, உள்ளே வரக் கூடாது. அஞ்சே நிமிஷம்தான்.

உங்களுக்கு டீயில் சர்க்கரை கூடவா, குறைவா?